பிண வண்டிக்காரர்களின் காலை வட்டம்

செத்தவனுக்கு விடிந்தால் என்ன, விடியாவிட்டால் என்ன என்றுதான் ஊர் உலகமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தது. அது பெரிய தப்பு என்று கிள்ளானில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் டத்தோ பட்டம் வாங்கிய சபாபதி. கண்டுபிடிப்பு நடந்த இடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் போட்ட தன்முன்னேற்ற முகாம். அங்கே மூன்று நாள் தங்கி, இருட்டோடு எழுந்து, ஐஸ் போட்ட தொட்டியில் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு நகைக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார். போன மனிதர் போனபடியே திரும்பியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

அதுவரை அவருடைய கம்பெனிக்கு 'சபாபதி சவ ஊர்திச் சேவை' என்று பெயர். பெட்டி கொடுப்பார்கள், பிணத்தைக் குளிப்பாட்டி உடுத்துவார்கள், வேனில் ஏற்றி முதலில் வீட்டுக்கும் பிறகு சுடுகாட்டுக்கும் கொண்டுபோவார்கள். டத்தோ வந்த வேகத்தில் பலகையை இறக்கச் சொன்னார். புதிதாக மாட்டிய பலகையில் 'சன்ரைஸ் ஃபேர்வெல்' என்று எழுதி, பக்கத்தில் பாதிச் சூரியன் வரைந்திருந்தது. அது உதிக்கிற சூரியனா, மறைகிற சூரியனா என்று வரைந்தவனைக் கேட்டதற்கு, "ரெண்டுக்கும் ஒரே டிசைன்தான் அங்கிள்" என்றான்.

கேட்டவர் இருதயம். வேன் ஓட்டுகிறவர். அப்பா ரயில்வேயில் கேட் சாத்தியவர். மகன் அந்த நேர ஒழுங்கை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். பிண வண்டி ஓட்டுவதில் வேறு என்ன சாமர்த்தியம் வேண்டிக்கிடக்கிறது? சொன்ன நேரத்துக்கு வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே ஒரு வீடே குளிக்காமல், சாப்பிடாமல், தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மழையோ, ஜாமோ, இருதயம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வீட்டையும் காக்க வைத்ததில்லை.

டத்தோ திரும்பி வரும்போது தனியாக வரவில்லை. கோச் ரேமண்ட் என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். செராஸ்காரர். முதலில் தண்ணீர் வடிகட்டி விற்றார், பிறகு இன்சூரன்ஸ் விற்றார், இரண்டிலும் சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனதும் காலையை விற்க ஆரம்பித்தார். காலைக்குக் கிடங்கு வேண்டாம், லோரி வேண்டாம், அது பாட்டுக்கு வந்து இறங்கிவிடும். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காலணியுமாக அவர் வண்டிக் கொட்டகைக்குள் வந்து நின்றபோது, யாரோ இறந்துவிட்ட வீட்டுக்காரர் என்று நினைத்து இருதயம் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"நீங்க எல்லாம் காலையில எந்திரிக்கிறீங்க. ரைட்? ஆனா ஏன் எந்திரிக்கிறீங்க?" என்று கோச் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

பிணம் குளிப்பாட்டுகிற கார்த்திகேசு மட்டும் கொஞ்சம் யோசித்து, "ஒண்ணுக்குப் போகணும் சார்" என்றார்.

"அது உடம்போட தேவை பிரதர். நான் கேக்கிறது நோக்கம். நோக்கமில்லாத காலை, செத்த காலை."

செத்த காலை என்று இந்த இடத்தில் சொன்னது டத்தோவுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, உறவினர்கள் அழுவதற்கென்று போட்டிருந்த சோபாவுக்கு மேலே மாட்டினார்.

மறுநாளிலிருந்து காலை வட்டம் தொடங்கியது. விடியுமுன் எல்லாரும் வந்துவிட வேண்டும். இரண்டு பிண வண்டிகளுக்கு நடுவே வட்டமாக நிற்க வேண்டும். போனையும் வண்டிச் சாவியையும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அதற்குக் 'கவனச்சிதறல் பெட்டி' என்று பெயர், அதன் திறவுகோல் டத்தோவின் கழுத்தில் உருத்திராட்சத்தோடு தொங்கும். பிறகு மௌனம். பிறகு பச்சைத் தண்ணீர். தண்ணீருக்குத் தனியாக வசதி செய்யாததால், கார்த்திகேசு பிணங்களுக்கு அடிக்கிற அதே குழாயால் எல்லார் தலையிலும் அடித்தார். பிறகு குதித்தல். பிறகு நன்றி சொல்லுதல். கடைசியாகக் கையை உயர்த்தி, "நான் உயிரோடு இருக்கிறேன்! நான் வெல்கிறேன்!" என்று அடுக்கி வைத்த சவப்பெட்டிகளைப் பார்த்துக் கத்த வேண்டும். ஒவ்வொன்று முடிந்ததும் கைதட்டல். அதுவரை ஒரு வாய் தேநீர்கூடக் கிடையாது.

நன்றி சொல்லும் பகுதியில் முதல்நாளே கார்த்திகேசு மாட்டிக்கொண்டார். "நேத்து வந்தது எல்லாம் ஃபிரெஷ்ஷா இருந்துச்சு. ஒண்ணும் நாறல. அதுக்கு நன்றி" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

இருதயத்தின் வீட்டில் மனைவி கேத்தரின் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து காலைப் பூசைக்கு எழுப்புறேன். முழங்கால் வலி, முதுகு வலின்னு போர்வையை இழுத்துப்பீங்க. இப்ப குதிக்கிறீங்களாமே?"

"வேலை போயிடும்லா."

"அப்ப சாமியும் ஒரு வேலை போட்டுக் குடுத்திருந்தா போயிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவள் சோற்றைப் போட்டாள்.

இதில் ஒரு சங்கடம். மனிதர்கள் சாவதற்கு விடிகாலையைத்தான் அதிகம் விரும்புகிறார்கள். அந்த நேரத்தில் போன் எல்லாம் பெட்டிக்குள். அதற்கும் டத்தோ வழி கண்டுபிடித்தார். தம் குரலையே பதிவு செய்து வைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து யாராவது கூப்பிட்டால், மணி ஒலித்து, வீணை வாசித்து, டத்தோ பேசுவார்: "இனிய நோக்கமுள்ள காலை! இன்று உங்கள் வாழ்வின் மிகச் சிறந்த நாள்! எங்கள் குழு தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறது. அதுவரை நீங்களும் ஆழமாக மூச்சு விடுங்கள்."

ஒரு நாள் அப்படி மூச்சு விடச் சொல்லப்பட்ட ஒருவர் நேரில் வந்துவிட்டார். விடிகாலையில் மனைவியைப் பறிகொடுத்தவர். கைலியோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு கொட்டகைக்குள் வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். கோச் அவருடைய தோளில் கை போட்டு வட்டத்துக்குள் நிறுத்தினார். மற்றவர்கள் குதித்தார்கள். அந்த மனிதரும், பாவம், குதித்தார். எல்லாரும் குதிக்கிறார்களே, இதுவும் சடங்கில் சேர்ந்ததுதான் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையால் கைலியைப் பிடித்துக்கொண்டு சொன்ன மட்டும் குதித்தார். டத்தோ பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீங்களா, கஸ்டமர் தானா வந்து சேர்றாங்க" என்று பூரித்துப்போனார்.

இதோடு நின்றிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஒரு நாள் கோச் ரேமண்ட், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குளிர் அறைக்குள் போனார். உள்ளே இரண்டு பேர் படுத்திருந்தார்கள். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. உடனே வட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

"பிரதர்ஸ், இவ்வளவு நாளா நான் உலகம் பூரா தேடினேன். சி.இ.ஓ.க்கள்கிட்ட தேடினேன், சாமியார்கள்கிட்ட தேடினேன். ஆனா பெர்ஃபெக்டா ரூட்டின் ஃபாலோ பண்றவங்க இந்தக் கதவுக்குப் பின்னாடிதான் இருக்காங்க. பாருங்க, போன் இல்ல. காபி இல்ல. குளிர்ல படுத்திருக்காங்க, ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. எவ்வளவு ஆழமான மௌனம்! நாம அவங்களைப் பாத்துக் கத்துக்கணும்."

"நானும் எத்தனையோ வருஷமா பாக்கிறேன் சார். எனக்கு இது தோணவேயில்ல" என்றார் கார்த்திகேசு. அவர் கேலி செய்கிறாரா, உண்மையாகவே வருந்துகிறாரா என்று கோச்சுக்குப் புரியவில்லை.

அந்த ஞானத்திலிருந்து பிறந்ததுதான் 'இறுதிக் காலை' என்ற புதிய சேவை. பிணத்தை வீட்டுக்கு அனுப்புமுன் அதன் காதருகே குனிந்து, "ஐயா, இன்று உங்களுடைய நாள். நீங்கள் தயார்" என்று சொல்ல வேண்டும். மணி அடிக்க வேண்டும். லேவண்டர் தெளிக்க வேண்டும். சேவை பெறாத உடல் கொட்டகையை விட்டு நகரக் கூடாது. வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் எதற்கும் சரி என்றுதான் தலையாட்டுவார்கள். அதைத்தான் டத்தோ, 'மக்களின் ஏகோபித்த வரவேற்பு' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வண்டியில் எப்போதும் போகும் சடங்குப் பெட்டியையும் கோச் விட்டுவைக்கவில்லை. அரிசி, எள், மஞ்சள், சூடம், வெற்றிலை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, "இவ்வளவு குப்பை எதுக்கு? மனசு லேசா இருக்கணும்னா பெட்டி லேசா இருக்கணும்" என்று சொல்லி, ஒரு பித்தளை மணியும் லேவண்டர் குப்பியும் மட்டும் வைத்தார். கார்த்திகேசு அரிசியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்.

இப்படியாகத்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய பச்சையப்பன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்து, முதல்நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டார். உடல் கொட்டகையில் இருந்தது. அவர் மனைவி சந்திரகலா பிணத்தோடு கூடவே வீட்டுக்குப் போக வேண்டும் என்று விடியுமுன்னே வந்து உட்கார்ந்துவிட்டாள். இருதயத்தைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அண்ணே, ஒரு விஷயம். என் மகன் பிரவின் உள்ள இருக்கான்."

எந்த உள்ளே என்று இருதயம் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்து சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"அப்பா மொகத்தைப் பாக்க விட்டிருக்காங்க. காலையில காவலோட தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க. பத்து மணி வரைக்கும்தான் நிப்பாங்களாம், அதுக்கு மேல கெடையாதாம். அவன் ஒருத்தன்தாண்ணே எங்களுக்கு. வாய்க்கரிசி அவன் கையாலதான் போடணும்னு இவரு பெருமூச்சோட சொல்லிட்டே இருந்தாரு. அதுக்குள்ள போயிடலாம்ல?"

"என்னம்மா இப்படிக் கேக்கிறீங்க? அவங்க வர்றதுக்கு முன்னாடி நாம வாசல்ல நிப்போம்" என்றார் இருதயம். வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த வாய் மூடுமுன் கொட்டகை வாசலில் மூன்று பெரிய கார்கள் வந்து நின்றன. சிரம்பானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் இதே தொழில் செய்யும் முதலாளிகள், காலை வட்டத்தைப் பார்த்துப் படித்துப் போக வந்திருந்தார்கள். வாசலில் வாழைமரம், ரோஜா மாலை. இன்றைக்குச் சாதாரண வட்டம் இல்லை, 'வைரக் காலை' என்றார் கோச். இருதயம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கையிலிருந்த சாவி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது, பூட்டும் விழுந்துவிட்டது.

டத்தோ நடுவில் கம்பளம் விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்தார். மௌனம் தொடங்கியது. இருதயம் மெல்ல நகர்ந்து அவரருகே குனிந்தார்.

"டத்தோ, அந்தக் கேரி தீவு பாடி—"

கோச் உதட்டில் விரலை வைத்தார். பிறகு இருதயத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அங்கிள், மௌனத்துல அவசரம்னு ஒண்ணு கிடையாது" என்று கிசுகிசுத்தார்.

"சார், அந்தம்மா மகனுக்கு—"

"உங்க டைம் வரும். அப்ப பேசலாம்."

மௌனம் வைரத்துக்கு ஏற்றபடி நீண்டது. முடிந்ததும் தண்ணீர். தண்ணீருக்குப் பிறகு, ஈப்போ முதலாளி குதிப்பதற்கு வசதியாக இடுப்பு வாரைத் தளர்த்திக்கொள்ளும்வரை காத்திருந்தார்கள். பிறகு குதித்தார்கள். கொட்டகையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சந்திரகலா முந்தானையை வாயில் வைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் பெட்டிக்குள் புருஷன். அவள் போன் மட்டும் அவள் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுந்து, ஈரத்தோடு குதித்துக்கொண்டிருந்த இருதயத்திடம் வந்தாள்.

"அண்ணே, பிரவின் வந்துட்டானாம். வாசல்ல ஒக்கார வச்சிருக்காங்களாம். அப்பா எங்கன்னு கேக்கிறானாம்."

இருதயத்துக்குக் குதித்த கால் அப்படியே நின்றது. அதற்குள் நன்றி சொல்லும் முறை வந்துவிட்டது. மைக் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது.

"எனக்கு நன்றி சொல்ல ஒண்ணுமில்ல. வண்டிச் சாவி வேணும்" என்றார்.

"நன்றியா மாத்திச் சொல்லுங்க அங்கிள். இங்க நன்றி மட்டும்தான் பேசணும்" என்று கோச் சிரித்த முகத்தோடு சொன்னார்.

இருதயம் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "சரி. அந்தம்மாவோட பிள்ளை கையில விலங்கோட வாசல்ல ஒக்காந்திருக்கான். அதுக்கு நன்றி. பத்து மணிக்கு அவனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்கும் நன்றி. அவன் அப்பன் இங்க பெட்டியில கெடக்கான், நாம எல்லாம் தவளை மாதிரி குதிச்சிட்டு இருக்கோம். அதுக்கு ரொம்ப ரொம்ப நன்றி."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சிரம்பான் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான்! இதுதான் உண்மையான ஷேரிங்!" என்று கோச் துள்ளினார். ஒருவருக்காவது, ஒரே ஒருவருக்காவது, அந்த மனிதர் என்ன சொன்னார் என்று காதில் ஏறியிருக்க வேண்டுமே! ஏறவில்லை. நன்றி என்ற சொல் மட்டும்தான் ஏறியது. மைக் அடுத்தவருக்குப் போனது.

இருதயம் வண்டியின் பின்பக்கம் போனார். டயர் கழற்றுகிற ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிப் பெட்டியின் பூட்டில் ஒரு போடு போட்டார். பூட்டு கழன்றது, கண்ணாடியும் சேர்ந்து நொறுங்கியது. அப்போதுதான் கொட்டகையில் உண்மையான மௌனம் வந்தது.

டத்தோ எழுந்து வந்தார். விருந்தாளிகள் முன்னால் கோபப்படக் கூடாது என்பதால் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார். "இருதயம், ஒங்க ஃபீலிங் எனக்குப் புரியுது. ஆனா இறுதிக் காலை இன்னும் குடுக்கல. குடுக்காம பாடி வெளிய போனா குவாலிட்டி என்னாகிறது? அந்தம்மாவுக்குத்தான் நஷ்டம்."

"எனக்கு ஒண்ணும் வேணாம் ஐயா. அவர மட்டும் குடுங்க" என்றாள் சந்திரகலா.

"பாத்தீங்களா, துக்கத்துல அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியல" என்று டத்தோ விருந்தாளிகளைப் பார்த்து விளக்கினார். கடைசியில் கோச் ரேமண்ட் வண்டியிலேயே ஏறி வழியில் சேவையை முடித்துக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று.

இருதயம் வண்டியை எடுத்தார். முன்னால் சந்திரகலா. பின்னால் பெட்டி, பெட்டிக்கு இந்தப் பக்கம் கார்த்திகேசு, அந்தப் பக்கம் கோச். தெலுக் பங்லிமா காராங் ஊரை நெருங்கியதும் தொழிற்சாலை பஸ்களும் கொள்கலன் லோரிகளும் அடைத்துக்கொண்டு நின்றன. விடிகாலையில் வந்திருந்தால் காலியாக இருந்திருக்கும் ரோடு. இருதயம் ஹாரனை அழுத்தினார், ஓரத்தில் இறக்கினார், வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். பின்னாலிருந்து மணிச் சத்தமும் லேவண்டர் வாசமும் வந்தன.

"ஐயா பச்சையப்பன், இன்று உங்களுடைய நாள். நீங்கள் தயார்."

"சார், அவருக்குக் காது கேக்காது. லோரிச் சத்தத்துல போனதாம்" என்றார் கார்த்திகேசு.

"ஆழ்மனம் கேக்கும் பிரதர்."

"அதையும் சேத்துத்தான் சார் செத்துட்டாரு."

சந்திரகலா திரும்பிப் பார்க்கவில்லை. போனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. கேட்டுவிட்டு மடியில் போட்டாள். "கெளம்பிட்டாங்களாம்ணே" என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் இருதயத்தைக் கொன்றது.

அந்தத் தீவுக்குப் போக வர ஒரே பாலம். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவே ரோடு. அவர்கள் வரும் வழியில்தான் அவனும் வந்தாக வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் எதிரே கம்பி போட்ட ஜன்னலோடு ஒரு வண்டி வந்தது. "அதுதாண்ணே! அதுதான்!" என்று சந்திரகலா கதவையே திறந்துவிட்டாள். இருதயம் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார், பிறகு யோசிக்கவில்லை, பிண வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினார்.

காவலுக்கு வந்த ஒரு மலாய் சார்ஜன் இடுப்பில் கை வைத்தபடி இறங்கினார். இருதயம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். தெரிந்த மலாயில், தெரியாததைக் கையால் காட்டி, அப்பா பெட்டியில் இருக்கிறார், பிள்ளை உங்கள் வண்டியில் இருக்கிறான், தப்பு எங்களுடையது, வீட்டுக்காரர்களுடையது இல்லை என்று சொன்னார். சார்ஜன் வண்டியின் பின்கதவைப் பார்த்தார், சந்திரகலாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம், அதற்கு மேல் என் வேலை போய்விடும் என்றார்.

பிரவினை இறக்கினார்கள். அவன் கை ஒரு இளம் காவலர் கையோடு சேர்த்து விலங்கிடப்பட்டிருந்தது. ரோட்டோரத்தில், லோரிக்காரர்கள் எட்டிப் பார்க்க, கார்த்திகேசு பெட்டியைத் திறந்தார். பிரவின் அப்பா முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அரிசி, அரிசி போடணும்" என்றாள் சந்திரகலா.

கார்த்திகேசு சடங்குப் பெட்டியைத் திறந்தார். மணி இருந்தது, லேவண்டர் இருந்தது. அவர் கோச்சைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் அங்கேயே பொசுங்கியிருக்க வேண்டும். கோச் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

என்ன தேடுகிறீர்கள் என்று சார்ஜன் கேட்டார். இருதயம் சொன்னார். சார்ஜன் தம் வண்டிக்குப் போய், முன்னால் வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். முட்டையையும் காரச் சம்பலையும் விரலால் ஒதுக்கிவிட்டு, வெள்ளைச் சோறு இருந்த பக்கத்தை நீட்டினார். இதில் தப்பு ஏதும் இல்லையே என்று தயங்கிக் கேட்டார்.

பிரவின் சோற்றை அள்ளி அப்பாவின் வாயருகே கொண்டுபோனான். கூடவே அந்த இளம் காவலரின் கையும் போனது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் அவனுக்குத் தோதாகத் தாழ்த்திக் கொடுத்தார்.

இந்த நேரம் பார்த்துக் கோச் ரேமண்ட் போனோடு கிட்டே வந்தார். "பிரதர், ஒரே ஒரு கேள்வி. நாளைக்குக் காலையில நீங்க எப்படி எந்திரிப்பீங்க?"

பிரவின் நிமிர்ந்து பார்த்தான். "மணி அடிப்பாங்க சார். ஒடனே எந்திரிச்சிடணும். பச்சத் தண்ணியில குளிக்கணும். போன் கெடையாது. வரிசையா ஒக்காரணும், பேசக் கூடாது. எண்ணுவாங்க."

கோச்சின் முகம் மலர்ந்தது. "வாவ்! பெர்ஃபெக்ட் ரூட்டின் பிரதர். யாரு டிசைன் பண்ணது?"

"அரசாங்கம்" என்றான் பிரவின்.

அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சந்திரகலா பொட்டலத்தில் மிச்சமிருந்த சோற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பிய இருதயத்தை, பூட்டை உடைத்ததற்காக வேலை போகும் என்று கார்த்திகேசு பயமுறுத்தினார். போனால் போகட்டும் என்று அவரும் கேத்தரினிடம் சொல்லி வைத்தார். போகவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்று நடந்தது.

சனிக்கிழமை காலை, சாம்பல் வாங்கிப் போக சந்திரகலா வந்தாள். கொட்டகைக்குள் வட்டம் நடந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்க ஒரு புதிய படம். விலங்கிட்ட இரண்டு கைகள், நடுவே சோறு, கீழே பச்சையப்பனின் திறந்த வாய். அதற்கு மேலே, 'சரியான கணம், சரியான காலை: சன்ரைஸ் ஃபேர்வெல்' என்று பொன்னெழுத்து. பக்கத்தில் இருதயத்தை மாலை போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். டத்தோ மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நம்ம இருதயம் அவசரப்பட்டு சீக்கிரமே போயிருந்தா என்ன நடந்திருக்கும்? பாடி வீட்டுக்குப் போயிருக்கும். பையன் வீட்டுல பாத்திருப்பான். எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானே? யாரு படம் எடுத்திருப்பா? யாரு அழுதிருப்பா? காலை வட்டம் அவரை நிறுத்தி வச்சதாலதான் அந்த ரோட்டுல, அந்த நிமிஷத்துல, அந்த அற்புதம். நாம லேட் பண்ணல. நாம அந்தக் குடும்பத்துக்கு நேரத்தைப் பக்குவப்படுத்திக் குடுத்தோம்! வர்ற மாசத்துலேர்ந்து விருப்பப்பட்ட குடும்பங்களுக்கு ரோட்டோரச் சந்திப்பையும் ஒரு சேவையா குடுக்கப் போறோம். சிறைச்சாலைக்கும் எழுதியிருக்கேன். அவங்க ரூட்டின் நம்மளுது மாதிரியே இருக்கு, சேந்து வேலை செய்யலாம்னு."

கைதட்டல். டத்தோ அப்போதுதான் வாசலில் நின்றவளைப் பார்த்தார். "அடடே, அம்மாவே வந்துட்டாங்க! வாங்கம்மா, உள்ள வாங்க. ஒங்க அனுபவத்தை நாலு வார்த்தை சொல்லுங்க."

கோச் ஓடிப்போய் மைக்கை அவள் கையில் திணித்தார். சந்திரகலா சுவரிலிருந்த புருஷனின் வாயைப் பார்த்தாள். மகனின் கையைப் பார்த்தாள். பிறகு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், விண்ணப்பம் வைக்கிற குரலில் சொன்னாள்.

"டத்தோ, ஒங்க வீட்டுலயும் ஒரு நாள் இப்படிப் பொழுது விடியும். அன்னைக்கு ஒங்க மகன் வாசல்ல நின்னு தெருவைப் பாத்துக்கிட்டே இருக்கட்டும். ஒங்களத் தூக்கிட்டு வர்ற வண்டி வராம போகட்டும்."

அவள் மைக்கை நாற்காலியில் வைத்தாள். வட்டம் பழகிய பழக்கத்தில் கைதட்டியது. "பியூட்டிஃபுல்!" என்றார் கோச். டத்தோவும் சிரித்த முகம் மாறாமல் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவதில்தான் கை நடுவழியில் நின்றது.

இருதயம் மட்டும் தட்டவில்லை. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கீழே போட்டார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆமென்" என்றார்.